வங்கிப் பணிக்கு நிதிப் படிப்பு வாயிலாகுமா?



விழா நாள்களில் உறவினர் ஒன்றுகூடும்போது பொழுது சாயுமுன்பே பந்தி முடிந்துவிடுகிறது. அதன்பின் திண்ணையில் அமர்ந்து பேசும் பேச்சில், பல்லாண்டுகளாக மாறாமல் இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு: பி.காம். முடித்த பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது? முன்பு விடை எளிதாக இருந்தது. ஆசிரியப் பணி, அன்றேல் அரசு அலுவலகம். இன்று சி.ஏ. என்கிறார் ஒருவர்; சி.எம்.ஏ. என்கிறார் மற்றொருவர், அமெரிக்கச் சி.எஃப்.ஏ. படித்தால் வங்கிகள் அழைத்துக்கொள்ளும் என்கிறார் மூன்றாமவர். கரந்தையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் வேர்கொண்ட குடும்பங்களில் இவ்விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. இரண்டு ஏக்கர் நன்செய்யை ஈடு காட்டியோ, தாயின் சங்கிலியை அடகு வைத்தோதான் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே, வங்கிப் பணியைத் தொடங்குவதற்குத் தொழில்முறை நிதிப் படிப்பு உண்மையில் உதவுகிறதா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

வட்டிக் கணக்கு இச்சமூகத்திற்குப் புதியதன்று. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீராச்சாரியார், தம் 'கணிதசாரசங்கிரகம்' என்னும் நூலில் முதல், வட்டி, காலம் ஆகியவற்றைக் கண்டறியும் கணக்குகளை விரிவாகவே வகுத்தார். அந்நூலைப் பேராசிரியர் ரங்காச்சாரியார் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னையில் வெளியிட்டார். அதே 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், கும்பகோணத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர் சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர் அவர்; பெயர் சீனிவாச ராமானுஜன். அவருடைய தந்தையார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். பட்டமில்லாத அவ்விளைஞருக்கு மேசை கிடைத்ததற்குக் காரணம், பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையும், துறைமுகத்தின் தலைமைக் கணக்கரான நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவராக இருந்ததுமாகும். அக்காலத்தில் அறிந்தவர் ஒருவர் சொல்லும் சொல்லே சான்றிதழாக நின்றது. ராமானுஜன் போன்றோரை எடுத்துக்காட்டிப் படிப்பே வேண்டாம் எனச் சொல்வது பேதைமை. ஆயினும் சான்றிதழும் தகுதியும் எப்போதும் ஒன்றாகவே நடப்பதில்லை என்பதற்கு அது சாட்சி.

காவிரிக் கரையின் வங்கி வரலாறும் இதனையே காட்டுகிறது. 1904-ஆம் ஆண்டு அக்டோபரில் 'கும்பகோணம் வங்கி' என்னும் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாயிற்று. அடுத்த கால் நூற்றாண்டு அது வெளியூர்க் கிளை எதனையும் நாடவில்லை. 1930-இல் மன்னார்குடியில் முதற்கிளை திறந்தது. பின்னர் நாகப்பட்டினம், சன்னாநல்லூர், அய்யம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மாயூரம், பொறையாறு என நெல் விளையும் ஊர்களையும் நெல் விற்கும் ஊர்களையும் தொட்டு நடந்தது. 1957-இல் வேறொரு சிறு வங்கியை ஏற்றபோது ஆடுதுறை, குடவாசல், வலங்கைமான் கிளைகளும் வந்து சேர்ந்தன. 1965-இல் சிட்டி ஃபார்வர்டு வங்கியும் யூனியன் வங்கியும் இணைந்தன. 1987-இல் ஊர்ப்பெயர் நீங்கி 'சிட்டி யூனியன் வங்கி' ஆயிற்று. தலைமையிடம் மட்டும் இன்றளவும் கும்பகோணத்தை விட்டு அகலவில்லை. எல்லா வங்கிகளுக்கும் அந்நீடு வாழ்வு அமையவில்லை. தஞ்சாவூர் வங்கி 1990-இல் இந்தியன் வங்கியோடு இணைந்து பெயரிழந்தது.

இத்தகைய சிறு வங்கி ஒன்றின் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்தவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12-இல் திறந்தால் குறுவை உண்டு. தாமதமானால் குறுவை குறைந்து ஒருபோகச் சம்பாவே கதி. குறுவை அறுத்த வயலில் தாளடி நடுவர். வடகிழக்குப் பருவமழை சம்பாக் கதிரைச் சாய்த்துவிட்டால் தையில் வர வேண்டிய தவணை வாராது. நிலத்தின் பட்டா ஒருவர் பெயரிலும் உழவு மற்றொருவர் கையிலும் இருக்கும். கோயில் நிலமும் மடத்து நிலமும் குத்தகையில் கிடக்கும் நாடு இது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1955-இல் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும் எழுந்த மண் இது. யாருக்குக் கடன் கொடுப்பது, யார் கையொப்பம் செல்லும் என்பதைச் சிட்டாவையும் அடங்கலையும் ஒப்பிட்டு அறிபவரே கடன் கொடுக்கத் தகுந்தவர்.

இவ்வறிவைத் தேர்வாக்கிய நிறுவனமும் விரைவில் தோன்றியது. 1928-இல் இந்திய வங்கியாளர் நிறுவனம் மும்பையில் அமைந்தது. அதன் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகள்தாம் வங்கித் தொழிலுக்கே உரிய தகுதிச் சான்றுகள். இவற்றைப் பற்றிப் பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இத்தேர்வுகளை வங்கிப் பணியில் இருப்பவரே எழுத இயலும். வெளியில் நிற்கும் மாணவர்க்கு அக்கதவு திறவாது. வங்கித் தொழிலின் சொந்தப் பட்டமே வேலை கிடைத்தபின் பெறுவதாக இருக்கையில், வேலைக்கு முன்பே பெரும்பொருள் கொடுத்து வாங்கும் பட்டத்தின் பயன் யாது என்று கேட்பது நியாயமே.

பொதுத்துறை வங்கிகளின் முதன்மை வாயிலைப் பார்ப்போம். 2011 முதல் பாரத ஸ்டேட் வங்கி நீங்கலாகப் பிற பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நிறுவனம் பொதுத்தேர்வு நடத்தி ஆள் தெரிகிறது. ஸ்டேட் வங்கி தனியே தேர்வு நடத்துகிறது. அலுவலர் பணிக்கும் எழுத்தர் பணிக்கும் கேட்கப்படும் கல்வித்தகுதி ஏதேனும் ஒரு பட்டம்; அவ்வளவே. பூண்டிக் கல்லூரியில் தாவரவியல் படித்தவரும், தஞ்சை மன்னர் சரபோஜி கல்லூரியில் வரலாறு படித்தவரும், கணக்குப்பதிவியலில் முதன்மை பெற்றவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். முதனிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் நூறு வினாக்கள்: ஆங்கிலம், எண்கணிதத் திறன், பகுத்தறியும் திறன். ஐந்தொகை, பற்று வரவு, செலவு கணக்கியல் என்பன எவ்விடத்தும் இல்லை. முதன்மைத் தேர்வில் பொருளாதாரமும் வங்கிச் செய்திகளும் வரும். அவற்றை நாளிதழ் படிக்கும் பழக்கமே பெரும்பாலும் நிறைவுசெய்துவிடும். சி.ஏ. இறுதித் தேர்வு வரை சென்றவர் விரைவுக் கணக்கில் பயிற்சியின்றி இத்தேர்வில் தோற்பதும் உண்டு, அதில் வியப்பில்லை.

இவ்வாயில் வழியே சென்றவர் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குச் சான்றுகள் உள. சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற நா. வாகுள் ஸ்டேட் வங்கியில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்து, 45 வயது நிறையுமுன் 1981-இல் பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானார், பின்னர் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தை வழிநடத்தினார். ஆங்கில இலக்கியம் கற்ற அருந்ததி பட்டாச்சார்யா 1977-இல் பயிற்சி அலுவலராக நுழைந்து, 2013-இல் ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரானார். கும்பகோணத்திலேயே, 2011-இல் சிட்டி யூனியன் வங்கியின் மேலாண்மை இயக்குநராகப் பொறுப்பேற்ற முனைவர் காமகோடி முதலில் பொறியியலும் பின்னர் மேலாண்மையும் பயின்றவர்.

அவ்வாறாயின் நிதிப் படிப்பு வீணா? அல்லவே அல்ல. அதற்குப் பக்கவாயில் ஒன்று உண்டு. அவ்வாயில் முன்னைவிட இப்போது அகன்றிருக்கிறது. பெருந்தொகைக் கடன்களை ஆராயவும், கருவூலத்தில் கடன் பத்திரங்களை வாங்கி விற்கவும், இடர்ப்பாட்டை அளக்கவும் வங்கிகள் சிறப்பு அலுவலர்களைத் தனி அறிவிப்பின் வழித் தெரிகின்றன. அங்கே சி.ஏ., சி.எம்.ஏ., சி.எஃப்.ஏ., நிதி மேலாண்மைப் பட்டம் ஆகியவையே கேட்கப்படும் தகுதி. தெரிவு பெற்றவர் பல வேளைகளில் தொடக்கநிலை அலுவலரைவிட ஒன்றிரண்டு படி மேலேயே அமர்வார். வங்கிக்கு வெளியிலிருந்தே உள்ளே அழைக்கப்படும் மதிப்பும் சி.ஏ. பட்டத்திற்கு உண்டு. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தலைவராக இருந்த டி.என். மனோகரன் 2015-இல் கனரா வங்கியின் தலைவராக அமர்ந்தார்.

சி.ஏ. படிப்பில் வேறொரு நன்மையும் உண்டு. பட்டத்தைவிட அதன் பயிற்சிக்காலமே பெரிது என்றுகூடச் சொல்லலாம். கும்பகோணத்திலோ தஞ்சையிலோ ஒரு தணிக்கையாளரிடம் பயிற்சி பெறும் மாணவர், மார்ச்சு 31 கணக்கு முடிந்ததும் ஏப்ரலில் கிளைத் தணிக்கைக்குச் செல்கிறார். மேலாளர் அறையில் கடன் கோப்புகளைப் புரட்டுகிறார். வில்லங்கச் சான்று எங்கே, ஈட்டுப் பத்திரம் பதிவானதா, இருப்பில் உள்ளதாகக் காட்டப்பட்ட நெல் மூட்டை ஆலையில் உண்மையாகவே இருக்கிறதா, காப்பீடு புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்கிறார். வங்கியில் சேர்ந்த புதிய அலுவலர் பல ஆண்டுகளில் அறிவதை அவர் இரண்டு தணிக்கைப் பருவங்களில் கண்டுவிடுகிறார். வாராக்கடன் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பிறந்த இடத்திலேயே பார்த்தவர் அவர். புதிய பாடத்திட்டத்தில் இப்பயிற்சிக்காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துள்ளது. ஆண்டொன்று மிச்சமாவது மகிழ்ச்சியே. கோப்பு புரட்டும் ஏப்ரல் மாதமும் ஒன்று குறைகிறது.

இவ்விடத்தில்தான் காலக்கணக்கு குறுக்கிடுகிறது. ஐ.பி.பி.எஸ். அலுவலர் தேர்வுக்கு, சலுகைகள் நீங்கலாக, வயது வரம்பு 30. எழுத்தர் தேர்வுக்கு 28. சி.ஏ. தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும் தொகுதியில் 50 விழுக்காடும் பெற வேண்டும். ஒரு தாள் நழுவினால் பெரும்பாலும் தொகுதியே நழுவும். பதினெட்டில் தொடங்கித் தடையின்றிச் சென்றால் இருபத்துமூன்றில் முடிக்கலாம். தடைகள் நேர்ந்து, இருபத்தேழில் இறுதித் தேர்வின் ஒரு தொகுதியோடு நிற்பவர் எத்தனையோ பேர். அப்போது அவர் கையில் இருப்பது பி.காம். பட்டம், எழுத்தர் தேர்வுக்கு எஞ்சியிருப்பது ஓராண்டு. விரைவுக் கணக்குப் பயிற்சி பெற்ற இருபத்தொரு வயதினரோடு அவர் போட்டியிட வேண்டும். இத்துயரம் பல வீடுகளில் நிகழ்ந்தும் வெளியே பேசப்படுவதில்லை. பிள்ளை சோம்பேறி என்ற பெயரோடு அது முடிந்துவிடுகிறது. சி.ஏ.வில் சேர்க்கும் நாளிலேயே, எத்தனை முயற்சி வரை, எந்த வயது வரை என்று தந்தையும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசிக்கொண்டால் அவ்வீட்டில் பிற்பாடு மௌனம் நிலவாது.

சி.எஃப்.ஏ. பற்றியும் ஒரு சொல். மூன்று நிலைத் தேர்வுகள், கட்டணம் டாலரில். முதலீட்டு ஆய்வு, நிதி மேலாண்மை நிறுவனங்கள், மும்பை, சிங்கப்பூர் என்று செல்ல விரும்புவோர்க்கு அது உரியது. திருவையாற்றுக் கிளையில் கடன் அலுவலராக அமர விரும்புவோர் அதற்காக ஒரு பவுனும் விற்க வேண்டியதில்லை.

இனி, வேலை உறுதி என்று சொல்லி விற்கப்படும் படிப்புகள். ஓராண்டு வங்கிப் பட்டயம் முடித்தால் தனியார் வங்கியில் அலுவலராகலாம் என்று விளம்பரம் வரும். இவற்றுள் வங்கிகளே நேர்முகம் கண்டு, ஆளைத் தெரிந்தபின் பயிற்சிக்கு அனுப்பும் திட்டங்களும் உள. பயிற்சி நிலையம் தன் பெயருக்குத் தானே மாலை சூட்டிக்கொண்டு நடத்துவனவும் உள. வேறுபாடு அறிய ஒரு வினா போதும்: பணி ஆணை தருவது யார், கட்டணம் கட்டுமுன்பா பின்பா? வங்கியின் பெயரில் எழுத்து வடிவில் ஆணை வராதவரை கட்டணம் கட்டலாகாது. வந்தாலும், எத்தனை ஆண்டு பணிசெய்ய உடன்படிக்கை, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவது என்பதைப் பெற்றோரே படித்துப் பார்ப்பது முறை. ஒப்பந்தத்தைப் படியாமல் கையொப்பமிடுபவர் வங்கிப் பணிக்குப் புறப்படுவது விந்தைதான்!

பெண்மக்களைப் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. ஊர் மாற்றம் உண்டா? அலுவலர் பணியில் இந்தியா முழுவதும் மாற்றம் உண்டு. எழுத்தர் பணி மாநில அளவில் நிரப்பப்படுவது. அதற்கு அம்மாநில மொழி அறிந்திருத்தல் கட்டாயம். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்ற நிலையும் இப்போது வந்துள்ளது. எழுத்தராக நுழைந்து, உள்தேர்வு எழுதி அலுவலரானோர் மிகப் பலர். இவ்வழியை இழிவாக எண்ணும் வழக்கம் சில குடும்பங்களில் காணப்படுகிறது, அது பொருளற்றது.

வேளாண் குடும்பங்கள் கருதத்தக்க பக்கவாயில் மற்றொன்றும் உண்டு. ஐ.பி.பி.எஸ். ஆண்டுதோறும் நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வில் வேளாண் கள அலுவலர் என்றொரு பிரிவு இருக்கிறது. நான்காண்டு வேளாண்மைப் பட்டம் பெற்றவர் அதற்கு உரியவர். தஞ்சைக்கு அருகே ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடைபெறும் ஆடுதுறையும் தொலைவில் இல்லை. வயலை விட்டு விலகினால்தான் வங்கிக்குச் செல்லலாம் என்று எண்ணி வணிகவியலில் சேர்க்கப்படும் பிள்ளைகளுள் சிலருக்கு, வயலே வங்கிக்கு வழியாக இருந்திருக்கும்.

வேலை கிடைத்தபின் நிலைமை தலைகீழாகிறது. இனிப் படிப்பு உதவும், மிகவும் உதவும். ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேறியவர்க்குப் பொதுத்துறை வங்கிகளில் கூடுதல் ஊதிய உயர்வு உண்டு; பதவி உயர்விலும் அதற்கு இடமுண்டு. சி.ஏ.ஐ.ஐ.பி. விருப்பப் பாடங்களுள் ஊரக வங்கியியலும் இருக்கிறது, இடர்ப்பாடு மேலாண்மையும் இருக்கிறது, தகவல் தொழில்நுட்பமும் இருக்கிறது. இவை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணவேண்டா. 2018 பிப்ரவரியில் சிட்டி யூனியன் வங்கியின் பன்னாட்டுப் பணப்பரிமாற்ற வழியில் கணினிக் கள்வர் புகுந்து மூன்று பரிமாற்றங்களைச் செய்துவிட்டதை அவ்வங்கியே வெளியிட்டது. காவிரிக் கரை வங்கிக்கும் இன்று கடல் கடந்த கள்வரைக் காக்கும் கல்வி வேண்டியிருக்கிறது.

பயிர்க்கடனுக்கு வருவோம். பிற கடன்களில் தவணை 90 நாள் கடந்து நிலுவையானால் அது வாராக்கடன். குறுகிய காலப் பயிருக்கோ இரண்டு பயிர்ப்பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பயிர்ப்பருவம் என ரிசர்வ் வங்கி வேறு அளவுகோல் வகுத்துள்ளது. சம்பாவுக்குக் கொடுத்த கடனையும் ஓராண்டைக் கடந்து நிற்கும் பயிருக்குக் கொடுத்த கடனையும் ஒரே நாளில் பெற்ற இருவர், ஒரே நாளில் தவறினாலும் ஒரே நாளில் வாராக்கடனாளர் ஆவதில்லை. இவ்விதியை ஏட்டில் படித்தவர் பலர். மேட்டூர் தாமதமாகத் திறந்த ஆண்டில் எந்தக் கணக்குகள் தையில் நிலுவையாகும் என்பதைப் புரட்டாசியிலேயே ஊகித்து, உழவரை அழைத்துப் பேசுபவர் சிலர். கஜா புயல் 2018 நவம்பரில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது கடன் மறுசீரமைப்பு என்னும் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்பது இம்மாவட்டத்துக் கிளைகளுக்குத் தெரிந்தது. புதிய தென்னை காய்க்க ஆண்டுகள் ஆகும். தவணையோ மாதந்தோறும் வரும். இவ்விரண்டையும் ஒரு தாளில் பொருத்தும் கணக்கே வங்கியாளரின் கணக்கு. அதற்குச் சி.ஏ. கற்பித்த ஒழுங்கும் துணைபுரியும். பிறந்த ஊர் கற்பித்த பருவமும் துணைபுரியும்.

பணத்தைப் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. எதைப் படிப்பதாயினும், அதற்காக நிலத்தை ஈடு வைக்குமுன் கேட்டறிய வேண்டியவை சில உள. வங்கித் தேர்வுப் பயிற்சி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும், நான் முதல்வன் திட்டத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கல்விக் கடனில், வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 இலட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தபின்னரே தவணை தொடங்கும். 2014 சனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதால், தேசியச் சிறுபான்மையினர் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கல்விக் கடனும் இச்சமூகத்து மாணவர்க்கு உரியதாயிற்று. தமிழ்நாட்டில் அதனை டாம்கோ நிறுவனம் வழங்குகிறது. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கிடைக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரிக் கட்டண விவரம் ஆகியவற்றோடு மாணவரே நேரில் செல்வது நன்று. வங்கியில் அமரப் போகிறவர், கடன் கேட்டு மேசைக்கு இப்புறம் ஒருமுறை நின்று பார்த்திருப்பார்.